வின்செஸ்டர் நகரம்: எழுதப்பட்ட பெயர்களும் விடுபட்ட பெயர்களும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேசும்படி செயலாளர் கேட்டபோது, கல்லூரியின் வரலாற்றைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள் என்றேன். "அப்படியென்றால் நீங்கள் இருக்கிற ஊரைப் பற்றிச் சொல்லுங்கோ அக்கா" என்றார். ஆகவே நான் இன்று பேசப்போவது வின்செஸ்டர் என்ற பழைய பேராலய நகரைப் பற்றி. அதைக் கேட்பதால் எமது சங்கத்துக்கு என்ன பயன் என்று நீங்கள் நினைக்கலாம். கடைசியில் அங்கே வந்து சேருவேன், கொஞ்சம் பொறுத்திருங்கள்.

இலண்டன் வோட்டர்லூ நிலையத்தில் புகையிரதம் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வின்செஸ்டர் வந்துவிடும். இன்று அது ஒரு சிறிய, அமைதியான நகரம். இங்கிலாந்து ஒரே நாடாக ஒன்றுசேர்வதற்கு முன்னர் தெற்கே வெசெக்ஸ் என்றொரு அரசு இருந்தது. அந்த அரசின் தலைமை நகர் இதுதான். அல்பிரட் மன்னனின் சிலை வாளை உயர்த்தியபடி கடைத்தெருவின் அடியில் நிற்கிறது. 1079இல் கட்டத் தொடங்கிய பேராலயம் ஏறத்தாழ 170 மீற்றர் நீளமானது. வருகிறவர்கள் அல்பிரட்டைப் படம் எடுப்பார்கள், பேராலயத்தைச் சுற்றிவருவார்கள், பிறகு கோட்டை மண்டபத்தில் வட்டமேசையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த வட்டமேசையிலிருந்தே தொடங்குகிறேன். ஆதர் மன்னனும் அவனுடைய வீரர்களும் வட்டமேசையைச் சுற்றி இருந்த கதையைச் சின்ன வயதில் ஆங்கிலப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த மேசையின் பலகை என்று சொல்லப்பட்டது வின்செஸ்டர் கோட்டை மண்டபத்தின் சுவரில் தொங்குகிறது. ஐந்தரை மீற்றர் விட்டமுள்ள ஓக் மரப்பலகை. நடுவில் ரோசாப்பூ, மேலே அரசனின் உருவம், சுற்றிவர 24 வீரர்களின் பெயர்கள். ஆனால் ஆய்வாளர்கள் மரத்தைப் பரிசோதித்தபோது அது 13ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது என்று தெரியவந்தது. ஆதர் என்று ஒருவன் வாழ்ந்திருந்தால், அவனுடைய காலம் அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தியது. இப்போது காணும் வர்ணமோ எட்டாம் ஹென்றியின் காலத்தில் பூசப்பட்டது. அரசனின் முகத்தில் ஹென்றியின் சாயல் இருப்பதாகவும் சொல்வார்கள்.

வாழ்ந்தார்களா என்றே தெரியாத 24 பேரின் பெயர்கள் அந்த நகரில் இவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கின்றன. உண்மையாக அங்கே வாழ்ந்து உழைத்தவர்களின் பெயர்களுக்கு என்ன நடந்தது? இருபது வருடங்களாக வருகிற விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும்போது எனக்குள் எழுந்த கேள்வி இது.

பேராலயத்துக்கு வருவோம். அதன் வடபுறத்துப் புல்வெளியில் செங்கல் பதித்த கோடுகள் ஓடுவதைக் காணலாம். பலர் நடைபாதை என்று நினைத்து அதன்மேல் நடந்துபோவார்கள். அவை ஏழாம் நூற்றாண்டில் எழுந்த பழைய ஆலயத்தின் சுவர்கள் நின்ற இடங்கள். 1093இல் புதிய பேராலயம் ஆராதனைக்குத் தயாரானதும் பழையதை இடித்துவிட்டார்கள். 1960களில் அகழ்ந்து பார்த்த பிறகுதான் அது நின்ற இடம் சரியாகத் தெரிந்தது.

அந்தப் பழைய ஆலயத்தின் ஆயராக ஒன்பதாம் நூற்றாண்டில் இருந்தவர் சுவிதன். தன்னை உள்ளே புதைக்க வேண்டாம், மழை விழும் இடத்தில், மக்கள் நடந்து போகும் இடத்தில் புதையுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 971ஆம் ஆண்டு யூலை 15ஆம் திகதி, அவருடைய எலும்புகளைத் தோண்டி ஆலயத்தினுள்ளே கொண்டுபோனார்கள். அது பிடிக்காமல் அவர் நாற்பது நாள் மழை பெய்வித்தாராம். இன்றும் யூலை 15இல் மழை பெய்தால் இன்னும் நாற்பது நாளைக்கு விடாது என்று ஆங்கிலேயர் சொல்வார்கள். எங்கள் ஊரில் ஆடிக்கு ஒரு சொல், ஐப்பசிக்கு ஒரு சொல் வைத்திருப்பதைப் போலத்தான்.

மழைக்கும் இந்தப் பேராலயத்துக்கும் மெய்யாகவே ஒரு தொடர்பு உண்டு. அது நிற்பது ஆற்றோரத்துச் சதுப்பு நிலத்தில். 13ஆம் நூற்றாண்டில் கிழக்குப் பக்கத்தைப் பெருப்பித்தபோது பீச் மரக்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். ஏழு நூற்றாண்டுகளில் மரம் நசிந்தது, நிலம் இறங்கியது, சுவர்கள் சரிந்து வெடித்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராலயம் விழுந்துவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது. அத்திவாரத்தைப் பலப்படுத்தக் குழி தோண்டினால் ஊற்று நீர் நிரம்பிவிடும். நீரை இறைத்தால் மண்ணும் கூடவே வந்து சுவர் இன்னும் இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டியவர்களுக்கு இந்தச் சங்கடம் விளங்கும்.

அப்போதுதான் தலைமைப் பொறியியலாளர் பிரான்சிஸ் பொக்ஸ் ஒரு சுழியோடியை அழைக்கும் யோசனையைச் சொன்னார். வந்தவர் வில்லியம் வோக்கர். 1906 முதல் 1911 வரை, நாளொன்றுக்கு ஆறு மணிநேரம், ஆறு மீற்றர் ஆழம் வரை அவர் இறங்கினார். அவர் அணிந்த உடையும் தலைக்கவசமும் ஏறத்தாழ 90 கிலோ. சேற்று நீர் மை போலக் கறுப்பாக இருந்ததால் விளக்கால் பயனில்லை. கையால் தடவித் தடவித்தான் வேலை. சீமெந்து மூட்டைகளை அடியில் அடுக்கி, அவற்றைக் கிழித்து இறுகவிட்டு, நீர் வரும் வழியை அடைத்துவிட்டு வெளியே வருவார். அதன் பிறகு நீரை இறைத்துவிட்டு மற்றத் தொழிலாளர்கள் இறங்கிச் செங்கல் கட்டுவார்கள். உள்ளே போனவை 25,800 மூட்டைகள், 114,900 கொங்கிறீற் கற்கள், 900,000 செங்கற்கள் என்று பேராலயத்தின் கணக்குச் சொல்கிறது. 1912இல், அதே சுவிதன் திருநாளில், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் முன்னிலையில் நன்றி வழிபாடு நடந்தது. வோக்கருக்கு அரச விருது கிடைத்தது. 1918இல் பரவிய கொடிய காய்ச்சலில் அவர் இறந்துபோனார்.

1964இல் அவருக்குப் பேராலயத்தில் ஒரு சிறிய சிலை வைத்தார்கள். சுழியோடி உடையோடு, தலைக்கவசத்தைக் கையில் வைத்தபடி அழகாக அமைந்த சிலை. ஆனால் முகம் வோக்கருடையதல்ல. மாதிரிக்குப் பார்த்த படத்தில் ஆள் மாறிவிட்டது. சுழியோடியின் உடலில் பொறியியலாளர் பொக்ஸின் தலை வந்துவிட்டது! 2001இல்தான் சரியான முகத்தோடு வேறொரு சிலை வைக்கப்பட்டது. 37 ஆண்டுகள், தான் தாங்கிப் பிடித்த பேராலயத்திலேயே வோக்கர் வேறொருவரின் முகத்தோடு நின்றார். படத்தின் பின்னால் பெயரைச் சரியாக எழுதி வைத்திருந்தால் அது நடந்திருக்காது. இந்தப் படக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எங்களில் பலர் உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியத்தில் சந்தித்தவர். ஜேன் ஒஸ்ரின் 1817 மே மாதம் நோயோடு வின்செஸ்டருக்கு வந்தார். அங்கே நல்ல வைத்தியர் இருந்தார். கல்லூரித் தெருவில் எட்டாம் இலக்க வீட்டின் மாடியில் தங்கினார். யூலை 15ஆம் திகதி, படுத்த படுக்கையில், சுவிதனையும் வின்செஸ்டர் குதிரைப் பந்தயத்தையும் மழையையும் வைத்து ஒரு வேடிக்கைப் பாட்டுக் கட்டினார். மூன்று நாளில் இறந்துபோனார். வயது 41.

பேராலயத்தின் வடபக்கத்தில் அவரைப் புதைத்தார்கள். உறவினரில் கூடப் போனவர்கள் நான்கு ஆண்கள் மாத்திரம். அந்தக் காலத்தில் அவர்களிடையேயும் பெண்கள் அடக்கத்துக்குப் போவது வழக்கமில்லை. எங்கள் ஊரில் பெண்கள் படலையோடு நின்றுவிடுகிறார்களே, அதைப் போல. வாழ்நாள் முழுவதும் கூடவே இருந்த அக்கா கசன்ட்ரா, ஊர்வலம் தெருமுனை திரும்பும் வரை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்ததாகக் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார்.

அந்தக் கல்லறைக் கல்லில் நீண்ட வாசகம் இருக்கிறது. இன்னாரின் மகள், இனிய குணம், ஈகை நெஞ்சம், மிகுந்த அறிவாற்றல் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. புத்தகம் எழுதினார் என்று ஒரு சொல் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது அவருடைய நாவல்களில் அவர் பெயர் அச்சிடப்படவும் இல்லை. முதல் நாவலில் 'ஒரு பெண்மணி எழுதியது' என்றுதான் இருந்தது. காலம் போக, அந்தக் கல்லைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்த அம்மாவிடம் அப்படி என்ன விசேஷம், இத்தனை பேர் தேடுகிறார்களே என்று பேராலயத்துப் பணியாள் ஒருவர் வந்தவரிடம் கேட்டாராம். இதை எழுதி வைத்தவர் ஜேனின் மருமகன். 1872இல் பித்தளைத் தகடு ஒன்று அங்கே வந்தது. அவர் எழுத்தாளர் என்று பேராலயத்தில் எழுதப்பட, இறந்து 55 ஆண்டுகள் எடுத்தன.

ஜேனின் பெயராவது இருந்தது. அரசிகளுக்கும் அந்த உறுதி இல்லை என்பதற்கு எம்மா சாட்சி. நோர்மண்டியில் பிறந்தவர். 1002இல் எதெல்றெட் மன்னனை மணந்தார். அவன் இறந்தபின் டென்மார்க்கிலிருந்து படையெடுத்து வந்த கனூட் மன்னனை மணந்தார். இரண்டு மன்னரின் மனைவி, இரண்டு மன்னரின் தாய். தனது கதையைத் தானே சொல்லி ஒரு நூலும் எழுதுவித்தார். 1052இல் இறந்து வின்செஸ்டரில் அடக்கமானார்.

பழைய ஆலயத்து மன்னர்களின் எலும்புகளைப் பிற்காலத்தில் மரப்பெட்டிகளில் இட்டுப் புதிய பேராலயத்தில் உயரத்தில் வைத்தார்கள். 1642இல் உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையினர் உள்ளே புகுந்து பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். எலும்புகளை எறிந்து வர்ணக் கண்ணாடி யன்னல்களை உடைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பிறகு எல்லாவற்றையும் பொறுக்கி, எது எவருடையது என்று தெரியாமல் ஆறு பெட்டிகளுக்குள் போட்டு மூடினார்கள். வெளியே பெயர்கள் எழுதியிருந்தன. உள்ளே எல்லாம் கலந்திருந்தன. அண்மைக் காலத்தில் பிறிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். 1,300க்கும் மேற்பட்ட எலும்புகள். ஆகக் குறைந்தது 23 பேர். 2019இல் அவர்கள் வெளியிட்ட செய்தியின்படி, வயது முதிர்ந்த ஒரு பெண்ணின் எலும்புகள் பல பெட்டிகளில் பிரிந்து கிடந்தன. அவர் எம்மாவாக இருக்கலாம்.

உடைந்த கண்ணாடிக்கு என்ன நடந்தது? மேற்குப் பக்கத்துப் பெரிய யன்னலைப் பாருங்கள். முன்னிருந்த உருவங்களைத் திரும்ப அமைக்க முடியவில்லை. ஆகவே கிடைத்த துண்டுகளை எல்லாம் கிடைத்தபடியே ஒட்டி வைத்தார்கள். ஓரிடத்தில் ஒரு முகம், இன்னோரிடத்தில் ஒரு கை, மற்றபடி நிறங்கள். போர் கண்ட எங்களுக்கு அந்த யன்னலைப் பார்க்க விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

பேராலயத்தை விட்டு வெளியே வந்தால், சற்றுத் தூரத்தில் யூவரி தெரு இருக்கிறது. யூதர் தெரு என்று பொருள். அங்கே ஒரு பெண்ணும் சிறுவனும் நடந்து வருவது போன்ற வெண்கலச் சிலை. 2022இல் வைக்கப்பட்டது. அவர் பெயர் லிக்கொரிசியா. 13ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டரில் வாழ்ந்த யூதப் பெண், மன்னரோடும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த பெரிய வட்டிக்கடைக்காரி. 1244இல் அவருடைய கணவர் இறந்தபோது, சொத்தைக் கணக்கெடுக்கும் வரை மன்னர் அவரை இலண்டன் கோட்டையில் அடைத்து வைத்தார். 5,000 மார்க் வரி கட்டிய பிறகே விட்டார்கள். அதில் பெரும் பங்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைத் திருப்பிக் கட்டுவதற்குப் போனது. இன்று உலகமே பார்க்கும் அந்த ஆலயத்தில் லிக்கொரிசியாவின் பணம் இருக்கிறது.

1277இல் அவர் தமது வீட்டிலேயே கொலையுண்டு கிடந்தார். கூட ஆலிஸ் என்ற கிறிஸ்தவப் பணிப்பெண்ணும் கொல்லப்பட்டிருந்தார். 1290இல் யூதர்கள் எல்லோரையும் இங்கிலாந்தை விட்டு வெளியேற்றினார்கள். தெருவின் பெயர் மாத்திரம் மிஞ்சியது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகு, பழைய வரிக் கணக்குகளிலும் வழக்கேடுகளிலும் இருந்து அவருடைய வாழ்க்கையைத் தேடி எடுத்தார்கள். ஆலிஸைப் பற்றியும் ஒன்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த நூற்றாண்டில் அந்த நகரில் எத்தனை பணிப்பெண்கள் இருந்திருப்பார்கள்! கொலை நடந்தபடியால்தான் ஆலிஸின் பெயர் ஏட்டில் ஏறியது.

இனிச் சந்தோஷமான ஒன்றைச் சொல்கிறேன். தையல் வகுப்பில் எங்களில் பலரும் பட்ட பாட்டை நினைவில் வைத்துக் கேளுங்கள். பேராலயத்தின் பாடகர் இருக்கைகள் ஏறத்தாழ 1308இல் செதுக்கப்பட்டவை. எல்லோரும் அந்த மரவேலையை வியந்து பார்ப்பார்கள். அவற்றின்மேல் உள்ள மெத்தைகளைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. 1931இல் லூயிசா பெசெல் என்ற பூத்தையல் நிபுணர் நகரத்துப் பெண்களைக் கூட்டினார். சிபில் பிளண்ட் என்ற ஓவியர் நகரின் வரலாற்றை வட்டப் படங்களாக வரைந்து கொடுத்தார். 1936 வரை, தொண்டர்கள் ஒவ்வொரு தையலாக நூற்றுக்கணக்கான முழந்தாள் மெத்தைகளையும் இருக்கை மெத்தைகளையும் காணிக்கைப் பைகளையும் செய்து முடித்தார்கள். பெரும்பாலோர் அதுவரை கன்வஸ் துணியில் ஊசி பிடிக்காதவர்கள். ஆயர்களினதும் பிரபுக்களினதும் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. இந்தப் பெண்களின் வேலை முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் நிறம் மங்காமல் இருக்கிறது.

நகருக்குத் தெற்கே வயல்வெளியால் இருபது நிமிடம் நடந்தால் புனித சிலுவை அறச்சாலை வரும். 12ஆம் நூற்றாண்டில் ஹென்றி என்ற ஆயர், ஏழை முதியவர்களுக்காக நிறுவியது. அன்று தொடங்கிய வழக்கம் ஒன்று இன்றும் நடக்கிறது. வாசலில் இருக்கும் காவலரிடம் கேட்கும் வழிப்போக்கருக்கு ஒரு துண்டு பாணும், ஒரு சிறு கிண்ணம் பியரும் கொடுப்பார்கள். எங்கள் மடங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் உங்கள் நினைவுக்கு வரும். நீங்கள் யார், எந்த ஊர் என்று விசாரணை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நீங்களாக வாய் திறந்து கேட்க வேண்டும். கேளாதவருக்குக் கிடையாது. பல பேர் தெரியாமல் வாசலோடு திரும்பிப் போய்விடுகிறார்கள்.

தோழிகளே, இப்போது எங்களிடம் வருகிறேன்.

எமது சங்கத்துக்கு நூறு வயது. இந்த மலரில் அதிபர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும், தலைவிகளின் பட்டியல் இருக்கும். இருக்கத்தான் வேண்டும். ஆனால் விடுதியில் இருந்தவர்களே, விடியற்காலையில் எங்களுக்கு இடியப்பம் அவித்த அம்மாவின் பெயர் என்ன? 'குசினி அம்மா' என்றுதான் கூப்பிட்டோம். இந்த மண்டபத்தில் யாருக்காவது அவருடைய முழுப்பெயர் தெரியுமா? அம்மை கண்ட பிள்ளைகளுக்கு அருகில் இருந்த மேற்றன்? ஆய்வுகூடத்துப் போத்தல்களைக் கழுவி அடுக்கியவர்? குண்டு விழுந்த நாட்களில் படலையில் நின்று, கடைசிப் பிள்ளையும் வீட்டுக்குப் போகும் வரை அசையாத காவலாளி? நாங்கள் படித்த கட்டடத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள் அவர்கள்.

எங்களுக்கு ஒரு மேலதிகமான கஷ்டமும் உண்டு. இடப்பெயர்வுகளில் பதிவேடுகள் பல போய்விட்டன. அத்தோடு, நாங்கள் பெண்கள். கலியாணத்தோடு பெயரின் பாதி மாறிவிடுகிறது. படத்தில் ஒரு பெயர், சங்கப் பதிவில் இன்னொரு பெயர், மரண அறிவித்தலில் மூன்றாவது பெயர். ரொறன்ரோவில் ஒருவர், மெல்பேர்னில் ஒருவர், கொழும்பில் ஒருவர் என்று துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அந்த மேற்கு யன்னலைப் போல, முழு உருவம் திரும்பக் கிடைக்காமல் போகலாம். கிடைக்கும் துண்டுகளையாவது ஓரிடத்தில் சேர்க்கலாம்.

ஆகவே மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறேன்.

ஒன்று, உங்கள் வீட்டு அல்பத்தில் இருக்கும் பாடசாலைப் படங்களை இந்த மாதமே வெளியே எடுங்கள். படத்தின் பின்புறத்தில், மெல்லிய பென்சிலால், இடமிருந்து வலமாக எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். கலியாணத்துக்கு முந்திய பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்து, ஊர், ஆண்டு. படத்தில் பின்னால் தட்டுத் தூக்கியபடி நிற்பவரின் பெயரையும் எழுதுங்கள். பிறகு ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

இரண்டு, எண்பது வயதைக் கடந்த எங்கள் அக்காமாரிடம் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் என்றாலும் பரவாயில்லை. அவர்களிடம் நிறைய இருக்கிறது. ஆனால் அந்த அறச்சாலை வாசலைப் போல, கேட்டால்தான் கிடைக்கும். அடுத்த ஆண்டு கேட்கலாம் என்று வைக்கவேண்டாம்.

மூன்று, அச்சில் வந்த பெயர் பிழை என்று தெரிந்தால் எழுதி அறிவியுங்கள். எப்போதோ முடிந்த கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். வோக்கரின் முகத்தை 37 ஆண்டுகளுக்குப் பிறகும் மாற்றி வைத்தார்கள். அதனால் பேராலயத்தின் மதிப்புக் குறையவில்லை.

வாசலுக்கு அருகே உள்ள மேசையில் ஒரு கொப்பியும் சில பென்சில்களும் வைத்திருக்கிறோம். தேநீருக்குப் போகும் முன்னர் ஒவ்வொருவரும் ஒரு பெயரையாவது அதில் எழுதிவிட்டுப் போங்கள். குசினி அம்மாவின் பெயர் தெரிந்தவர் முதலில் எழுதுங்கள்.